இரு மருத்துவமனைகளுக்கு இடையில்

புற்றுநோய் சிகிச்சை என்று பேச்செடுத்தால் கவனம் உடனே கட்டடங்களின் பக்கம் போய்விடுகிறது. எத்தனை படுக்கைகள், எத்தனை கதிர்வீச்சு இயந்திரங்கள், எத்தனை நிபுணர்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். இவை வேண்டியவைதான். ஆனால், புற்றுநோய் ஒரே இடத்தில், ஒரே மருத்துவரால் பார்த்து முடிக்கப்படும் நோயன்று. ஆறாத வாய்ப்புண்ணை முதலில் பார்ப்பவர் கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம். பயாப்ஸி எடுப்பது வட்ட மருத்துவமனை. எடுத்த சதைத்துணுக்கைப் பார்ப்பது வேறு ஊரிலுள்ள ஆய்வகம். அறுவை சிகிச்சை மருத்துவக் கல்லூரியில் நடக்கும். மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சுக்கு இன்னொரு நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்து வலி மாத்திரைக்கு மறுபடியும் உள்ளூருக்கே வரவேண்டும்.

இந்தப் பாதையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிக்குப் பெரும்பாலும் யாரும் பொறுப்பில்லை. ‘ரெஃபர் பண்ணிவிட்டோம்’ என்று அனுப்பியவர் கணக்கை முடித்துக்கொள்கிறார். வராத நோயாளி என்ற ஒருவர் இருப்பதே பெறவேண்டிய மருத்துவமனைக்குத் தெரியாது. பஸ் செலவு, பயாப்ஸி எடுத்தால் நோய் பரவிவிடும் என்ற பயம், அறுவடை நேரம், கூட வர ஆளில்லாமை என்று சாதாரணக் காரணங்களால் இடையில் நின்றுபோனவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்.

2022இல் இந்தியாவில் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, ஏறத்தாழ 9.2 லட்சம் பேர் இறந்தார்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. தாமதமாகக் கண்டறிவதும் தொடங்கிய சிகிச்சையை முடிக்காமல் விடுவதும் இந்த இறப்புகளில் பெரும்பங்கு வகிக்கின்றன. இரண்டுமே நிறுவனங்களுக்கு இடைப்பட்ட வெளியில் நிகழ்பவை. ஆகவே ஒரு வட்டாரத்தின் புற்றுநோய்ச் சேவையை மேம்படுத்துவது என்றால், அங்கே இருக்கும் நிறுவனங்கள் எவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று கேட்க வேண்டும். கணக்கு, சிகிச்சை நெறிமுறை, மருந்து விலை, நோயாளியைக் குறித்த பொறுப்பு ஆகிய நான்கையும் பொதுவாக்கும் அளவுக்கே ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. இந்தியாவின் கடந்த நாற்பதாண்டு அனுபவம் முதல் மூன்றும் கைகூடக்கூடியவை என்று காட்டுகிறது. நான்காவதில்தான் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம்.

திண்டுக்கல் தந்த சான்று

கருப்பைவாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஹெச்.பி.வி. வைரஸ் தொற்று நீடித்து, செல்கள் மாறி, புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் நோயையே தடுத்துவிடலாம். பணக்கார நாடுகள் பாப் ஸ்மியர் பரிசோதனையால் இதைச் சாதித்தன. ஆனால் அதற்குத் தேர்ந்த ஆய்வகமும் செல்களைப் படித்துச் சொல்லும் ஆட்களும் வேண்டும். இவை இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. மாவட்டத்தில் 114 தொகுதிகளை எடுத்துக்கொண்டு, 57இல் பரிசோதனை நடத்தினார்கள். மற்ற 57 ஒப்பீட்டுக்கு. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பைவாயில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். மாறுதலடைந்த பகுதி சுமார் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

2000க்கும் 2003க்கும் இடையில் தகுதியுள்ள 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம் பேர், பரிசோதனைக்கு வந்தார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையால் நோய் உருவாவது 25 சதவீதமும், அந்த நோயால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்தத் தலைப்பு எண்களைவிட, உள்ளே இருக்கும் எண்கள் இக்கட்டுரைக்கு முக்கியமானவை. பரிசோதனையில் ஐயத்துக்குரியவர்கள் என்று தெரிந்தவர்கள் 3,088 பேர். அவர்களில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான, கருப்பைவாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி நடந்துவிட்டது. தவறியவர்கள் வெறும் 36 பேர். காரணம், அது அதே இடத்தில், அதே குழுவால், பெரும்பாலும் அதே வருகையில் செய்யப்பட்டது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் உறுதியானவர்கள் 1,874 பேர். இவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். இத்தனை முனைப்போடு நடத்தப்பட்ட ஆய்விலேயே, நூற்றில் 28 பேர் நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அறிவிக்கப்பட்ட பிறகும் சிகிச்சையின்றிப் போனார்கள். கைமாற்றம் இல்லாத இடத்தில் இழப்பு மிகச் சொற்பம். பெண்ணின் சம்மதம், குடும்பத்தின் முடிவு, மறுவருகை, மேல் மருத்துவமனை என்று கண்ணிகள் கூடக்கூட இழப்பும் கூடியது.

அம்பிளிக்கை மையத்தின் பங்கையும் சரியாக மதிப்பிட வேண்டும். ஆய்வின் வடிவமும் புள்ளியியலும் லியோனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தன. பில் அண்டு மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியும் இருந்தது. ஆனால் வீடு தேடிப் போகவும், மாமியாரையும் கணவரையும் சம்மதிக்க வைக்கவும், பரிசோதனையில் தெரிந்ததை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்லவும் உள்ளூர் நிறுவனத்தால்தான் முடிந்தது. கூட்டணியின் அச்சாக இருந்தது சிறிய மருத்துவமனையே.

பொதுக் கணக்கு

மரணம் குறைந்தது என்று திண்டுக்கல் ஆய்வாளர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? அந்த மாவட்டத்துக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்ததால்தான். மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு என்பது ஒரு மருத்துவமனையின் கணக்கல்ல. குறிப்பிட்ட நிலப்பரப்பில் வாழும் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும், அவர் எங்கே சிகிச்சை பெற்றாலும், ஒரே ஒருமுறை எண்ணப்பட வேண்டும். போட்டி மருத்துவமனைகள் தங்கள் கேஸ் ஷீட்டுகளை மூன்றாம் ஆளுக்குத் திறந்து காட்டினால்தான் இது நடக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்கள் முதலில் இடம்பெற்றன. சென்னைப் பதிவேட்டை அடையாறு மையம் ஏற்றது. அந்த மையமே ஒரு கூட்டு முயற்சியின் பிள்ளைதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி.சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

தகவல் தானாக வந்து சேரும் என்று சென்னைப் பதிவேட்டினர் காத்திருக்கவில்லை. பணியாளர்கள் அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நேரில் போய் விவரம் எடுத்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடும்போது, புற்றுநோய் என்று எழுதப்பட்டவற்றை மட்டும் பார்த்தால் போதாது என்று கண்டார்கள். இறப்புச் சான்றில் பலருக்கும் இதயம் நின்றது என்பதுபோல ஏதேனும் எழுதியிருக்கும். ஆகவே காரணம் எதுவானாலும் எல்லா இறப்புகளையும் நோயாளிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். சலிப்பூட்டும் வேலை, ஆனால் அதனால்தான் சென்னையில் யார் எத்தனை காலம் பிழைத்திருந்தார்கள் என்று நம்பிச் சொல்ல முடிந்தது. 1980களில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாக இறங்கியதும், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியதும் இந்தப் பதிவேடு சொன்ன செய்திகள். 2012இல் மாநில அரசின் ஆதரவோடு தமிழ்நாடு முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டமாக இது விரிந்தது.

பொதுக் கணக்கு இருந்தால் ஒரு சங்கடமும் வந்து சேரும்: சாதனை அறிக்கைகள் சோதனைக்கு உள்ளாகும். திண்டுக்கல் முடிவுகள் வந்தபின், தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் நடத்தி, பிறகு மாநிலம் முழுக்கக் கருப்பைவாய்ப் பரிசோதனை கொண்டுசெல்லப்பட்டது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் இந்த அளவுக்கு முயலவில்லை. ஆயினும் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள், தமிழ்நாட்டின் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம் மட்டுமே. நாட்டின் சராசரி 1.9 சதவீதம். முன்னணியில் இருப்பது உண்மை, திண்டுக்கல்லின் 63.6 சதவீதத்திலிருந்து வெகுதூரம் பின்தங்கியிருப்பதும் உண்மை. வீடு தேடிப்போன குழுவுக்கும், வந்தால் பார்ப்போம் என்றிருக்கும் நிலையத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

பொது நெறிமுறை

ஒரே நோய்க்கு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாக மருந்து கொடுத்தால், எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் இந்தியா இதைக் கற்றுக்கொண்டது. மேலை நாடுகளில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிவிட்ட 1980களின் தொடக்கத்தில், இங்கே ஐந்தில் ஒரு குழந்தை நெடுநாள் பிழைப்பதே அரிதாக இருந்தது. 1984இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு மையம், டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மருத்துவர் இயன் மக்ரத்தோடு சேர்ந்து, எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை நெறிமுறையைக் கையாளத் தொடங்கின.

இங்கே கிடைக்கும் மருந்துகள், இங்கே தாங்கக்கூடிய செலவு, இங்குள்ள குழந்தைகளின் உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்ட நெறிமுறை அது. நோய் திரும்பாமல் நான்காண்டுகளைக் கடந்த குழந்தைகளின் விகிதம் மையத்துக்கு மையம் வேறுபட்டு, 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தது. புதிய மருந்து ஏதும் இதற்குக் காரணமல்ல. நெறிமுறை ஒன்றாக இருந்ததால் மையங்களின் வேறுபாடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. சிகிச்சையின் நச்சு விளைவாலும் தொற்றாலும் எங்கே குழந்தைகள் அதிகம் இறக்கின்றன என்று பார்க்க முடிந்தது. துணைப் பராமரிப்பு மேம்பட, அந்த மரணங்களும் காலப்போக்கில் குறைந்தன. ஒப்பிட முடிந்ததால்தான் திருத்த முடிந்தது.

இந்தப் படிப்பினையை நாடு தழுவி விரிக்கும் முயற்சியாக 2012இல் தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் உருவானது. அணுசக்தித் துறையின் ஆதரவோடு டாடா நினைவு மையம் அதை ஒருங்கிணைக்கிறது. அரசு, தனியார், அறக்கட்டளை என்று 300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இன்று அதில் இருக்கின்றன. பொதுவான சிகிச்சை வழிகாட்டிகள், சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பல ஊர் மருத்துவர்கள் இணையவழியில் கூடி முடிவெடுக்கும் அமர்வுகள், நோய்க்குறியியல் ஆய்வகங்களின் தரச் சோதனை ஆகியவை அதன் வேலைகள். சிறிய ஊரில் தனியாக முடிவெடுக்கும் நிலையிலிருக்கும் மருத்துவருக்கு இது பெரிய பலம். ஆனால் வழிகாட்டி ஒரு பரிந்துரை மட்டுமே. எந்த உறுப்பினர் எந்த அளவுக்கு அதைப் பின்பற்றுகிறார் என்ற ஒப்பீடு பொதுவெளிக்கு வரும்போதுதான் எம்.சி.பி. 841 தந்தது போன்ற பலன் கிட்டும்.

பொது விலை

மருந்து வாங்குவதில் ஒத்துழைப்பின் பயனைத் தமிழ்நாட்டுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கும் முறையை நிறுவிக் காட்டியது. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின.

தேசிய வலைப்பின்னல் அதே தத்துவத்தைப் புற்றுநோய் மருந்துகளுக்குக் கொண்டுவந்தது. 23 மையங்கள் தங்கள் தேவையை ஒன்றாகக் கூட்டி, 40 மருந்துகளுக்கு நிறுவனங்களோடு பேரம் பேசியதில் சுமார் 1,320 கோடி ரூபாய் மிச்சமானதாக 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை கணக்கிட்டது. பெரிய மருத்துவமனைக்குக் கிடைத்த விலை சிறிய மருத்துவமனைக்கும் கிடைத்தது என்பது இதில் மிக முக்கியமானது. விலை வேறுபாடு குறைந்தால், மருந்து மலிவு என்பதற்காக மட்டுமே நோயாளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டிய கட்டாயமும் குறைகிறது.

தூரத்தைக் குறைத்தால் கைமாற்றம் கூடும்

அஸ்ஸாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளைகளும் சேர்ந்து 2017இல் நிறுவிய அமைப்பு, 17 மருத்துவமனைகளை அடுக்குமுறையில் திட்டமிட்டது. சிக்கலான சிகிச்சைக்கு உச்ச மையம், மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி அடுத்த நிலை, நோயறிதலுக்கும் பகல்நேரக் கீமோவுக்கும் மாவட்ட நிலை என்பது அதன் அமைப்பு. 2022 ஏப்ரலில் ஏழு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. மத்திய அரசும் 2025-26 பட்ஜெட்டில், மூன்றாண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்தது.

திசை சரியானது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்காகச் சென்னைக்கு ரயிலேறும் நோயாளிக்குத் தன் மாவட்டத்திலேயே அது கிடைப்பது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. முன்பு ஒரே மருத்துவமனை செய்துகொண்டிருந்ததை இனி மூன்று மருத்துவமனைகள் பங்கிட்டுச் செய்யும். மருந்தளவை ஒருவர் தீர்மானிப்பார், இன்னொருவர் ஏற்றுவார். வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சலோடு நள்ளிரவில் வருபவரை இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் பார்ப்பார். சேவையைப் பரவலாக்கும்போது கைமாறும் இடங்கள் பெருகுகின்றன. அவற்றுக்குப் பொறுப்பை வகுக்காமல் கட்டடங்களை மட்டும் பரப்பினால், தூரம் தந்த துன்பம் போய்க் குழப்பம் தரும் துன்பம் வந்து சேரும்.

துறைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஃபின் கதையே போதும். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கீழ் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தில் கிடைக்கும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்றின் காலம் முடிந்துவிடும். மருந்துக்கான அபின் விளைவிக்கும் நாட்டில் வலியில் துடிக்கும் நோயாளிக்கு மார்ஃபின் கிட்டவில்லை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கமும் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்களும் நெடுங்காலம் போராடிய பிறகு, 2014இல் சட்டம் திருத்தப்பட்டு ஒற்றை அனுமதி முறை வந்தது.

நான்காவது பொதுமை

கணக்கும் நெறிமுறையும் விலையும் நிறுவனங்களுக்கு இடையேயான உடன்படிக்கைகள். அதிகாரிகளும் நிபுணர்களும் உட்கார்ந்து பேசினால் அமையும். நோயாளியைக் குறித்த பொறுப்பு அப்படி அமைவதில்லை; அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். நம் காப்பீட்டுத் திட்டங்கள் செய்த சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. அறுவைக்கு ஒரு தொகுப்பு, ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் ஒரு தொகுப்பு. வராமல் போனவரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக்குப் போய், பஸ் ஏற்றிவிடும் வேலைக்குத் தொகுப்பு இல்லை. செலவு கணக்கில் ஏறாத வேலையை எந்த நிறுவனமும் நெடுநாள் செய்யாது.

இதற்கான ஆட்கள் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க வீடுவீடாகப் போகிறார்கள். இன்ன தெருவில் இன்ன பெண் பரிசோதனையில் ஐயத்துக்குரியவர் என்று தெரிந்து ஒரு மாதமாகியும் பயாப்ஸிக்குப் போகவில்லை என்ற செய்தி, மேல் மருத்துவமனையிலிருந்து அந்தப் பணியாளருக்கு வர வேண்டும். அதற்குத் தேவை ஒரே நோயாளி எண்ணும், அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும் ஒருசேரத் தெரியும் பட்டியலும். பெற்றவர் ‘வந்து சேர்ந்தார்’ என்று குறிக்கும் வரை அனுப்பியவரின் பொறுப்பு முடிவதில்லை என்ற விதி இருந்தால், ரெஃபரல் சீட்டு கைகழுவும் கருவியாக இருப்பது நிற்கும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான ஐயம் எழலாம். ஒத்துழைப்பு என்ற பெயரில் பெரிய மையங்கள் சிறியவற்றை ஆள் அனுப்பும் முகவர்களாக ஆக்கிவிடாதா? ஆக்கக்கூடும். நிதியும் புகழும் ஆய்வுக் கட்டுரைகளும் ஒருபக்கமே குவிந்தால் அப்படித்தான் முடியும். திண்டுக்கல்லில் அப்படி ஆகாததற்குக் காரணம், பரிசோதனை, ஆரம்பச் சிகிச்சை, பதிவேடு எல்லாவற்றிலும் அம்பிளிக்கை பங்காளியாக இருந்ததே. ‘லான்செட்’ கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்தச் சிறிய மையத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை ஒழிக்க 2030க்குள் 90 சதவீதச் சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. இவற்றுள் மூன்றாவதும் நமக்குக் கடினமானது. திண்டுக்கல்லிலேயே அது 72இல் நின்றது. ஆகவே ஒரு வட்டாரத்தின் ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது என்று அறிய, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று பார்ப்பதில் பயனில்லை. ஐயம் எழுந்த நாளிலிருந்து முதல் சிகிச்சை தொடங்கிய நாள் வரை எத்தனை நாட்கள் ஆயின, இடையில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பதிவேடு இருக்கிறது, களப்பணியாளர்கள் இருக்கிறார்கள், காப்பீட்டுத் திட்டத்திடம் ஒவ்வொரு சிகிச்சையின் தேதியும் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் அதிகாரம் மாநிலச் சுகாதாரத் துறையிடம் உள்ளது.